ஏழாவது கூழ்நக்கி

இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் வந்து உட்காருங்கள் என் செல்லங்களே, ஈரக் காலுறைகளை அடுப்பின் மேல் போட்டுவிட்டு வாருங்கள், வாயில் ஏதாவது இருந்தால் முதலில் விழுங்கிவிடுங்கள், ஏனென்றால் நான் சொல்லப்போவது குமட்டுகிற கதை, நம் விலேமாவுக்கு ஒரு புதன்கிழமை மத்தியானம் நகர மன்றத்தின் இரண்டாம் மாடி நடையில் நடந்தது, முக்கால் மணி நேரம்கூட இருக்காது, ஆனால் அந்த முக்கால் மணி நேரத்துக்குள் இருநூற்றைம்பது வருஷம் உட்கார்ந்திருந்தது.

…திரும்பவும் எச்சில், கட்டைவிரலை நாக்கில் ஒற்றி, அதே விரலால் நோட்டின் மூலையைப் புரட்டி, மறுபடி நாக்கு, மறுபடி மூலை, எழுபத்தெட்டு வயதுச் சித்தப்பாவுக்கு இதை யாருமே சொல்லவில்லையா, மூலையெல்லாம் பழுப்பேறிச் சுருண்டு கிடக்கிறதே, பார்க்கச் சகிக்காமல் விலேமா முகத்தைத் திருப்பிக்கொண்டாள், திருப்பினால் அந்தப் பக்கம் சுவரில் சூடு தரும் ரேடியேட்டரின் மேல் யாரோ மறந்துபோன கம்பளிக் கையுறை, ஈர நாயின் வாடை, தரைமெழுகின் வாடை, எங்கேதான் மூக்கை வைப்பது… கமில் சித்தப்பா, அப்பாவின் தம்பி, கூப்பிடாமலே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார், அவருக்கு யார் சொன்னது இன்று அவள் வருகிறாள் என்று, இந்த ஊரில் யார்தான் சொல்லமாட்டார்கள், விவாகரத்து முடிந்து ஆறு மாதத்துக்குள் பிறந்த வீட்டுப் பெயருக்குத் திரும்பலாம், வாயால் சொன்னால் போதும், அதற்குப் பிறகு என்றால் காரணம் எழுதிக் கெஞ்ச வேண்டும், அவளுடைய ஆறு மாதம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது, பதிவு மேசையோ திங்களும் புதனும்தான் திறக்கும், ஆக இன்று, ஐந்து மணிக்குள், அவள் யார் என்று அவளே சொல்லியாக வேண்டும். “இதப் பாரு விலேமா, அமைச்சகத்துப் பட்டியல், நம்ம குடும்பப் பேரு உள்ளவங்க, இந்த வருஷத்தோடது. எங்க தாத்தா எண்ணினப்போ முப்பத்தொரு பேரு. இப்ப ஆம்பளைங்க நாலு, பொம்பளைங்க ரெண்டு. நாடு முழுக்க ஆறே ஆறு! மொத்த லீஸ்காஷாவையும் ஒரே லிஃப்ட்டுல ஏத்திடலாம்.” “லிஃப்ட் அறுந்து விழுந்தா ஊருக்கு நல்லது சித்தப்பா.” “சிரி, சிரி. நீ சேந்தா ஏழு.” ஏழாம், சொல்லிவிட்டு மறுபடி கட்டைவிரல், மறுபடி நாக்கு.

லீஸ்காஷா… கூழ்நக்கி, வேறென்ன அர்த்தம், ஒளித்துவைக்க இடமே இல்லாத பெயர், பெண் என்றால் லீஸ்காஷோவா, வாலை ஒட்டினால் மட்டும் நாற்றம் போய்விடுமா, நம் மொராவியாச் சீமையில் மனிதர்களுக்குக் கொல்லன், தையற்காரன், திரும்பி வந்தவன், குதித்தவன் என்றெல்லாம் பெயர் இருக்கிறது, அவளுக்கு மட்டும் கூழ், நாக்கு… பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் வியாழக்கிழமை தோறும் ரவைக் கூழ் போடுவார்கள், மேலே கோகோத்தூள், உருகிய வெண்ணெய் மஞ்சளாகக் குளம் கட்டி நிற்கும், அவள் வரிசையில் வருவாள், கூடப் படித்த ஹெத்விகா பெஞ்சிலிருந்து கத்துவாள், “கூழ்நக்கி வர்றாடி, எல்லாரும் தட்ட மூடுங்க!” நாற்பது பிள்ளைகளின் உள்ளங்கைகள் நாற்பது தட்டுகளின் மேல், அந்தச் சத்தம், ஈரத் தவளைகள் குதித்த மாதிரி ஒரு சத்தம், எட்டு வயதில் தொடங்கியது அது, ஒரு கரண்டி மிச்சம் வைப்பது, எதைச் சாப்பிட்டாலும் தட்டில் ஒரு கரண்டி, பார்த்தீர்களா நான் நக்கவில்லை என்று, யாருக்குக் காட்ட, யார் பார்த்தார்கள், ஆனாலும் வைத்தாள், ஐம்பத்துநான்கு வயது வரை வைத்துக்கொண்டிருக்கிறாள்… லுபோஷ் ஸ்வோபோடா பெண் கேட்டபோது முதலில் பிடித்தது அவனா, பெயரா, இப்போது யோசித்து என்ன, ஸ்வோபோடா என்று பஸ்ஸில் கூப்பிட்டால் மூன்று பேர் திரும்புவார்கள், அப்படிக் கூட்டத்தில் கரைந்துபோக வேண்டும் என்றுதானே கட்டிக்கொண்டாள், கரைந்தாள், முப்பது வருஷம், தயிர்க் கிண்ணத்தின் மூடியைத் திறந்ததும் நக்குகிற மனிதனோடு, கத்தியை நக்குகிற மனிதனோடு, குழம்பு வழித்த ரொட்டியைத் தட்டில் கீச்சென்று இழுக்கிற மனிதனோடு, கூழ்நக்கி என்ற பெயர் அவனுக்கல்லவா பொருந்தும், கடவுள் முகவரி மாற்றிப் போட்டுவிட்டார்… போகும்போது அவன் சொன்னது, செருப்பை மாட்டிக்கொண்டே, “உன்கூட இருந்தது நீ மிச்சம் வெச்ச தட்டு மாதிரிதான் விலேமா. கடைசிக் கரண்டி யாருக்கும் கிடையாது.” அடுத்த மாதம் அவன் மருந்துக்கடைக்காரியைக் கட்டிக்கொள்கிறான், அவளும் ஸ்வோபோடோவா ஆகிவிடுவாள், இப்போதே தபால்காரர் கேட்கிறார், “எந்த ஸ்வோபோடோவாவுக்கு இது, பழசுக்கா, வரப்போறதுக்கா?” சீ. பழசாம்.

“உங்கிட்ட ஒண்ணு காட்டணும்,” என்றார் சித்தப்பா, குரல் இறங்கியிருந்தது, நோட்டுக்குள்ளிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார், நல்லவேளை இதற்கு எச்சில் வேண்டியிருக்கவில்லை. பிறந்தநாள், சாவு, கிறிஸ்துமஸ் என்று எல்லா நாளிலும் அவர் சொல்லிவந்த கதை அவளுக்கு மனப்பாடம், நம்ம மூதாதை பிரபுவோட அரண்மனையில சுவை பாக்கிறவரு, பிரபு வாயில வைக்கிறதுக்கு முன்னாடி விஷம் இருக்கான்னு கூழை நக்கிப் பாப்பாரு, உயிரைப் பணயம் வெச்ச வீரன், அவள் அம்மா அதைக் கேட்டுக்கொண்டே உருளைக்கிழங்கு உரிப்பாள், உதட்டைக் கடித்துக்கொண்டு, சிரிப்பை அடக்கத்தான்… “அது நிஜம் இல்லையாம்மா,” என்றார் சித்தப்பா. “ஆவணக் காப்பகத்துல கிடைச்சிது. இருநூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி, பஞ்சம் வந்தப்போ பாதிரியார் எழுதினது. மறைச்சிட்டு உன்னைக் கையெழுத்துப் போடச் சொல்ல மனசு வரல.” பழைய கொக்கி எழுத்தின் நகல், ஒவ்வொரு வரிக்கும் கீழே சித்தப்பா பென்சிலில் பெயர்த்து எழுதியிருந்தார். அவர் படித்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “‘உழவன் மத்யேய், காய்ச்சலில் கிடந்த மகள் அபொலேனாவுக்கென்று மாளிகையிலிருந்து கொடுத்த கூழைத் தானே குடித்துக் கிண்ணத்தையும் நக்கினான். பெண் மறுநாள் இறந்தாள். ஊரார் அவனை இப்போது கூழ்நக்கி என்கிறார்கள். கேட்டதற்கு மறுக்கவில்லை.’” நிறுத்திவிட்டார். “அவ்வளவுதான்,” என்றார், தாளை மடிக்கப் போனவரின் கையிலிருந்து அவள் வாங்கிக்கொண்டாள், ஏன் வாங்கினாள், தொடவே கூசியது. “அப்ப இத்தனை நாளா நீங்க சொன்ன வீரன்?” “நான் ஆசைப்பட்டது அது,” என்றார் கிழவர், காலுக்கடியில் பார்த்துக்கொண்டு. “ஆறு பேரா ஆயிட்டமேன்னு ஆசைப்பட்டேன்.”

சாகிற பிள்ளையின் கிண்ணம்… உப்பில்லாத, ஆறிப்போய் மேலே தோல் படிந்த கூழ், அதில் அந்தப் பிள்ளையின் எச்சிலும் இருந்திருக்கும், காய்ச்சல் எச்சில், அவன் நாக்கு அதில், கிண்ணத்தின் அடி வரை, ஓரம் வரை, சுற்றிச் சுற்றி… விலேமாவுக்கு வாய் ஊறியது, குமட்டல் வருமுன் ஊறுமே அந்த ஊறல், கண்ணை மூடினாள், மூடக்கூடாது, மூடினால் அது வரும் என்று தெரியும், வந்துவிட்டது, மருத்துவமனையின் அந்த அறை, ஐந்து வருஷத்துக்கு முந்தைய மார்ச் மாதம், மத்தியானம், ஜன்னலில் வெயில், அம்மாவின் வாய் இரண்டு நாளாகத் திறக்கவில்லை, ஆனாலும் விதிப்படி தட்டு வந்தது, மூடியைத் திறந்தால் ரவைக் கூழ், கோகோத்தூள், வெண்ணெய்க் குளம், வியாழக்கிழமைதானா அன்றும், இருக்கும், அவள் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை, முந்தின நாளும் சரியாக இல்லை, ஒரு கரண்டிதான் எடுத்தாள், சூடு பார்க்க என்று தனக்கே சொல்லிக்கொண்டு, பிறகு இன்னொன்று, பிறகு… எல்லாவற்றையும் தின்றாள், கரண்டியை வைத்துவிட்டுக் கிண்ணத்தை முகத்துக்கு நேரே தூக்கி நக்கினாள், வாழ்க்கையில் முதல்முறை, மூக்கில் கோகோ, நிமிர்ந்தால் அம்மாவின் கண்கள் திறந்திருந்தன, அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. எப்படிப்பட்ட பார்வை அது, அருவருப்பா, வேறென்னவாக இருக்கும், பெற்ற மகள் சாகிற தாயின் கிண்ணத்தை நக்குகிறாள், அம்மா மறுநாள் விடியலில் போய்விட்டாள், விலேமா யாரிடமும் சொல்லவில்லை, லுபோஷிடம்கூட, லுபோஷிடம் எப்படிச் சொல்வது, தயிர் மூடிக்காக அவனை அத்தனை வருஷம் வைதவள்… ஆக அந்தப் பெயர் அவள் தப்பி வந்த பெயர் இல்லை, அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்த பெயர், நாடு முழுக்கத் தேடினாலும் ஆறு பேருக்குத்தான் இருக்கிறதாம், ஏழாவதை யாரும் எண்ணவில்லை, ஏழாவது ஐந்து வருஷமாகவே இருக்கிறது.

“விலேமா! உள்ள வாடி, என்ன செலையாட்டம் உக்காந்திருக்க?” ஹெத்விகா, அதே ஹெத்விகா, பதிவு மேசைக்குப் பின்னால், கழுத்தில் கண்ணாடிக் கயிறு, மேசையில் பாதி தின்ற பாப்பி விதை அப்பம், கறுப்புக் கசகசா தூவியது, விரல் நுனியில் கறுப்புக் கறுப்பாக விதை ஒட்டியிருந்தது, அதே விரல்களால் தீர்ப்பு நகலை, பிறப்புச் சான்றிதழை, அடையாள அட்டையை வரிசையாக அடுக்கினாள். “அந்தப் பேர்லேருந்து தப்பிக்கத்தான நீ கல்யாணமே பண்ணிக்கிட்ட. இப்ப என்ன, திரும்பி வர்ற?” “அந்தப் பக்கம் நெரிசல் ஜாஸ்தியாயிடுச்சு.” ஹெத்விகா சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். “நான்தான தட்டை மூடச் சொல்லிக் கத்துவேன்,” என்றாள், திரையைப் பார்த்தபடி, “எங்க பையனை ஸ்கூல்ல வேற எதையோ சொல்லி அழவெச்சாங்க, அன்னிக்குத்தான் உன் ஞாபகம் வந்துது.” மன்னிப்பு என்றால் அதை நேராகக் கேட்கலாமே, இப்படியா அப்பத்துக்கும் திரைக்கும் நடுவில்… “இரு, இந்தக் கம்ப்யூட்டர் எழுந்துக்கவே அரை மணி ஆகும்,” என்றாள் ஹெத்விகா.

கையில் இன்னும் அந்தத் தாள் இருந்தது, வேறெங்கும் பார்க்கப் பிடிக்காமல் விலேமா அதைப் பார்த்தாள், ‘மறுக்கவில்லை’ என்பதோடு முடியவில்லை, கீழே இன்னும் இரண்டு வரிகள் இருந்தன, சித்தப்பா படிக்காமல் விட்டவை, பென்சிலில் அடைப்புக்குறி போட்டு, ஓரத்தில் அவர் எழுத்தில், ‘பெண்டாட்டி புருஷனைக் காப்பாற்றச் சொன்ன பொய்யாக இருக்கும்.’ அந்த இரண்டு வரி: ‘அவன் மனைவி ரோசினா சொல்கிறாள், பெண் இரண்டு நாளாக வாய் திறக்கவில்லை, கிண்ணத்தைத் தகப்பன் பக்கம் தள்ளியது பெண்தான் என்று. இதை ஊரில் எவரும் நம்பவில்லை.’ தள்ளியது பெண்தான்… யார் நம்புவார்கள், சாகிற பிள்ளை, ஒரு கிண்ணத்தை, எந்தத் தெம்பில்… விலேமா நிமிர்ந்தாள், கண்ணெதிரே பாப்பி விதை அப்பம், அந்தத் தட்டு மேசையின் ஓரத்தில், அவள் பக்கமாக இருந்தது, ஹெத்விகா எப்போது அதை நகர்த்தினாள், பார்க்கவே இல்லையே… பொறு. அந்த அறையில் கிண்ணம் எங்கே இருந்தது? செவிலி தட்டைக் கட்டிலின் இடப்பக்க மேசையில் தண்ணீர்க் குவளைக்கு அந்தப்புறம் வைத்தாள், சுவர் ஓரமாக, அது நன்றாக நினைவிருக்கிறது, எட்டித்தான் மூடியைத் திறந்து பார்த்தாள், பிறகு பூச்சாடியின் அழுகல் தண்ணீரைக் கொட்டக் குளியலறைக்குப் போனாள், அந்த நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது, திரும்பி வந்து உட்கார்ந்தபோது கை நீட்டவே இல்லை, கிண்ணம் இந்தப் பக்கம் இருந்தது, நாற்காலி ஓரத்தில், கரண்டியின் பிடி அவளைப் பார்த்து. செவிலி மறுபடி வந்தாளா? வந்திருக்கலாம். அம்மாவின் வலப்பக்கம்தான் வாதத்தில் விழுந்துபோயிருந்தது, இடக்கை… இடக்கை போர்வைக்கு மேலே இருந்ததா, உள்ளே இருந்ததா? மேலே இருந்திருந்தால், தள்ளியது அம்மாதான் என்றால், அந்தக் கண்கள்… ஐந்து வருஷமாக அவள் கண்களைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள், கையை ஒருநாள்கூட நினைத்ததில்லை.

“எந்திரிச்சிடுச்சு,” என்றாள் ஹெத்விகா. “விதி இது, வாயால சொல்லணும். எந்தப் பேருக்குத் திரும்புற?” கதவுக்கு வெளியே சித்தப்பாவின் இருமல், தாள் புரள்கிற சத்தம், மறுபடி நாக்கில் விரல் வைத்திருப்பார், கிழவர். விலேமாவின் வாயில் கோகோவும் வெண்ணெயும், அருவருப்பு கொஞ்சமும் போகவில்லை, நாக்கின் அடியில் அப்படியே இருந்தது. “லீஸ்காஷோவா,” என்றாள், ஹெத்விகா தட்டெழுதினாள், ஒருமுறைகூடத் தலை நிமிராமல், ஒருமுறைகூட எழுத்துக் கேட்காமல். விலேமா கையெழுத்துப் போட்டாள். பேனாவை வைத்த கை அப்படியே நகர்ந்து அப்பத்தை எடுத்தது, தின்றாள், கடைசி விள்ளலையும், விரலில் ஒட்டிய விதைகளை என்ன செய்வது என்று தெரியாமல் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள், அம்மாவின் இடக்கை… போர்வைக்கு மேலேயா, உள்ளேயா…

அவ்வளவுதான் என் கண்மணிகளே, அந்த விரலை அவள் துடைத்தாளா நக்கினாளா என்று என்னைக் கேட்காதீர்கள், ஹெத்விகாவே பார்க்கவில்லையாம். உங்கள் வீட்டில் கிண்ணம் ஒருநாளும் காலியாக வராமல் இருக்கட்டும், குறைந்து வந்தாலும் அதை உங்கள் பக்கம் தள்ளிவிட ஒரு கை இருக்கட்டும், அந்தக் கையை நீங்கள் உரிய நேரத்தில் பார்த்துவிடவும் வாய்க்கட்டும்.