உபயம்: அமைதி

நாகல் நகர் தர்மப் பல் ஆஸ்பத்திரியின் காத்திருப்பு அறையில் 1998இல் பதினேழாயிரம் பொருள்கள் இருந்தன. குறைத்துத்தான் சொல்கிறேன். அத்தனையும் உபயம். டியூப்லைட்டில் முக்கால்வாசிக்கு இரும்புக்கடை உடையப்பனின் பெயர் எழுதியிருக்கும். மிச்சத்தில்தான் வெளிச்சம், அதுவும் விட்டுவிட்டு. ஆளுக்கொரு நேரம் அடிக்கும் நான்கு கடிகாரங்கள், ஒரு டி.வி., டோக்கனைக் கூப்பிட ஒரு மின்சார மணி. அது அடித்தால் ஜங்ஷனில் ரயில் கிளம்பிவிடும். டோக்கன் கொடுப்பது, ஓய்வுபெற்ற ஓவர்சீயரான நான்.

பாஸ்கலுக்குக் கடைவாய்ப் பல் சொத்தை. முப்பத்து நான்கு வயது, பூட்டுப் பட்டறையில் வேலை. மூன்று முறை வந்தான். மூன்று முறையும் மணி அடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினான். தாடை பூசணிக்காயாகிவிட்டது.

"செத்த நேரம் பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காரச் சொல்லும்மா," என்றேன் அவன் அக்கா ஜெயமேரியிடம்.

"கடிக்கிற பல்லுதான சார் வலிக்குது? சோறு இறங்கி நாலு நாளாச்சு."

நான்காம் முறை பாஸ்கல் வாசலிலேயே நின்று ஒரு தாளை நீட்டினான். அறையின் வரைபடம். நூல் பிசகவில்லை, என் முப்பது வருஷ சர்வீஸில் நான் அப்படி ஒன்று போட்டதில்லை. விளக்கு, கடிகாரங்கள், டி.வி., மணி எல்லாவற்றின் மேலும் பெருக்கல் குறி. ஓரமாக ஒரு வரி: என் முறை எத்தனை மணிக்கு என்று எழுதி வைக்க வேண்டும்.

"இம்புட்டுதானா அப்பு?" என்றேன்.

"இம்புட்டுதான். மணியை முதல்ல கழத்துங்க."

உபயத்தைக் கழற்ற எவனுக்குத் தைரியம் உண்டு? சேதி கேட்டு உடையப்பனே பாய்ந்து வந்தார்.

"என்னய்யா, எம் பேரை இருட்டுல போடப் பாக்குறீகளா?"

"அண்ணே, டியூப்லைட்டை எவனும் குடுப்பான். அமைதியை உபயமாக் குடுத்த ஆளு இந்த ஜில்லாவுல உண்டா?" என்றேன்.

யோசித்தார். "போர்டு எத்தனையடி?"

"அஞ்சு."

"ஏழாப் போடு."

மறுவாரம் சுவரில் ஏழடி போர்டும் ஒரு சிலேட்டும் மட்டும். சிலேட்டில்: பாஸ்கல், 10.40. அவன் சுவரோரம் உட்கார்ந்தான். 10.35க்குத் தம் அமைதியைப் பார்க்க உடையப்பன் வந்தார்.

"பாருங்கய்யா! குண்டூசி விழுந்தாக் கேக்கும்!" என்று மலைக்கோட்டைக்குக் கேட்கும்படி முழங்கினார்.

பாஸ்கல் எழுந்துவிட்டான். கைகள் காதுக்குப் போயின.

"அய்யா, குடுத்த உபயத்தை நீங்களே தூக்கிட்டுப் போறீகளே," என்றாள் ஜெயமேரி, மெதுவாக.

உடையப்பன் வாய் மூடினார். பாஸ்கல் வாசலைப் பார்த்தான், சிலேட்டைப் பார்த்தான், உட்கார்ந்தான்.

நேரம் தவறக்கூடாதென்று டாக்டர் முந்தைய ஆளின் பல்லை அரை நொடியில் பிடுங்கினார். 10.40க்குப் பாஸ்கல் தானாகவே உள்ளே போனான். வெளியே வந்த பல் தேங்காய் அளவு இருந்தது.