கவிழ்க்காத குழாய்

1

இந்தக் கதை ஒரு வரைபடத்திலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வாய்ப் புற்றுநோய் பற்றிய ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருந்தேன். சிகிச்சைக்கு முன்பே ரத்தத்தில் உறைவைக் காட்டும் அளவுகள் கூடியிருந்தவர்களுக்கு ஒரு கோடு, கூடாதவர்களுக்கு இன்னொரு கோடு. இரண்டும் படிப்படியாக இறங்கின. முதல் கோடு வேகமாக. ஒவ்வொரு படியும் ஒரு சாவு என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குப் பிறகு படிக்க முடியவில்லை.

2

முதல் தொடக்கம்: பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் செய்யும் அக்காவுக்கு நாக்கில் புற்று வந்தபோது—

வேண்டாம். குரலால் பிழைப்பவளின் நாக்கில் நோயை வைப்பது என் சௌகரியம். நோய் அப்படி ஆள் பார்த்து வருவதில்லை. [அக்காவைச் செருப்புக் கடைக்கு மாற்றிவிட்டேன்.]

இரண்டாம் தொடக்கம்: அவளுடைய தங்கை மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தம் உறைவதைச் சோதிப்பவள்—

இது பரவாயில்லை. அவள் கையாள்வது நீல மூடி போட்ட குழாய்களை. கோடு வரை ரத்தம் நிரம்பாத குழாயை யார் அனுப்பினாலும் திருப்பி அனுப்பிவிடுவாள். நர்சுகள் அவளுக்கு வைத்திருக்கும் பெயரே 'நீல மூடி'. அப்பேர்ப்பட்டவள்தான் தவறு செய்யப்போகிறாள்.

3

அறுவை சிகிச்சைக்கு நான்கு நாள் இருந்தது. அக்காவுக்கு நரம்பு அகப்படுவது கஷ்டம் என்பதால் நீல மூடியே ஊசியை எடுத்தாள். முதல் குத்து தவறியது.

"ஏண்டி, ஊசில நூல் கோக்கவே என்னைக் கூப்பிடுவ. உன்னை நம்பிக் கைய நீட்டினேன் பாரு."

"பேசாம இருக்கா. ஆடாத."

"பேசறத இப்பவே பேசிக்கறேன். நாலு நாள் கழிச்சு நாக்கு எவ்வளவு மிச்சமோ."

இரண்டாம் குத்தில் ரத்தம் வந்தது, அரைமனதாக. குழாய் நிரம்பியது.

"இதுல என்னத்தப் பாப்பீங்க?"

"டாக்டரோட ஆராய்ச்சிக்கு. உறையற அளவு கூடுதலா இருந்தா நோய் முரண்டு பிடிக்கலாமாம். நிறையப் பேருக்குச் சேத்துப் போட்ட கணக்குக்கா, ஒருத்தருக்கு ஜோசியம் இல்ல."

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்ன வந்தாலும் எங்கிட்ட மறைக்க மாட்டியே?"

"மாட்டேன்."*

* குழாய்க்குள் உறையாமல் தடுக்கும் திரவம் கொஞ்சம் இருக்கும். ரத்தம் விழுந்த உடனே மெதுவாக நாலைந்து முறை கவிழ்த்துக் கலக்க வேண்டும். தாமதித்தால் உள்ளேயே கட்டி தட்டலாம். பிறகு வரும் எண்ணை நம்ப முடியாது. கலக்க வேண்டிய கை அக்காவின் பிடியில் இருந்தது. அப்புறம் கலக்கினாள். எவ்வளவு நேரம் கழித்து என்று அவளுக்கே தெரியவில்லை.

4

மதியம் எண் வந்தது. கூடுதல். கொஞ்சநஞ்சம் இல்லை.

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். "கட்டி இருக்கான்னு பாத்தியா?"

அவள் அடுத்த குழாயை எடுத்தாள்.

"நர்ஸ் எடுத்ததுன்னா பூதக்கண்ணாடி வச்சுப் பாப்ப. நீ எடுத்ததுன்னா அப்படியே பாஸா?"

இயந்திரத்தில் வைக்கும் முன் மரக்குச்சியால் குழாயைத் துழாவிப் பார்ப்பது அவள் வழக்கம். இந்தக் குழாயில் மட்டும் பார்க்கவில்லை. (ஏன் என்று இங்கே ஒரு பத்தி இருந்தது. எனக்குத் தெரியாததை மூன்று உவமைகளால் மூடியிருந்தேன். எடுத்துவிட்டேன்.)

இப்போதும் பார்க்கலாம். குழாய் தாங்கியில்தான் இருக்கிறது. கட்டி இருந்தால் அந்த எண்ணைத் தூக்கிப் போடலாம். இல்லாவிட்டால் அது அக்காவின் எண். இன்னொரு வழியும் உண்டு: கட்டி இல்லாவிட்டாலும் இருந்தது என்று எழுதிவிடலாம். யாரும் சரிபார்க்க மாட்டார்கள். அறுவையில் எதுவும் மாறாது. கெடுவது அவள் கொடுத்த வாக்கு மட்டும்.

குச்சியை எடுத்தாள்.

5

ஒரு முடிவு எழுதினேன்: குச்சியில் கருஞ்சிவப்பாக ஓர் இழை ஒட்டி வருகிறது, மறுபடி எடுத்த ரத்தத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது. எழுதிவிட்டு அழுதேன். மறுநாள் படித்தபோது வெட்கமாக இருந்தது.

இன்னொன்று: குச்சி சுத்தமாக வருகிறது, தங்கை போய்ச் சொல்கிறாள், அக்கா "சரி" என்கிறாள். அந்தச் "சரி" எப்படி ஒலித்தது என்று—

அதனால் குச்சி வெளியே வந்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எழுதுகிறவள் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

நடைபாதை நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். கதவைத் திறந்துகொண்டு தங்கை வந்தாள். கையில் புது ஊசி, புதுக் குழாய்.

"கட்டி தட்டிடுச்சுக்கா. இன்னொரு தடவ எடுக்கணும்."

அக்கா சட்டைக் கையை மேலே சுருட்டினாள். ஆனால் கையை நீட்டவில்லை. தங்கையின் முகத்தையே பார்த்தாள்.

"நிஜமாவே கட்டியா? இல்ல, சொல்ல உனக்கு மனசு வரலையா?"

தங்கை வாயைத் திறக்கிறாள். அந்த வாயில் எந்தச் சொல்லை வைப்பது என்று வாரக்கணக்காக உட்கார்ந்திருக்கிறேன். என்னால் ஆகவில்லை. நீங்கள் சொல்லுங்கள்; ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.