மூடிக்கு அடியில்

ஆணியில் துண்டு இல்லை.

அடுத்த பிளேயரின் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, அவள் பார்க்காமலே ஆணிப் பக்கம் கை நீட்டியிருந்தாள். விரலில் ஆணி மட்டும் பட்டது. மேசையில் தேடினாள். மேசைக்கு அடியில் தேடினாள். பழைய டூத் பிரஷ் கைப்பிடியில் வெட்டிய பச்சைத் துண்டு அது, சுண்டுவிரல் நகம் அளவு. இந்தப் பழைய வீடியோ டிஸ்க் பிளேயர்களில் மூடியைத் திறந்தால் எல்லாம் நின்றுவிடும். மூடி அமுக்கும் இடத்தில் ஒரு சின்ன சுவிட்ச். ஆனால் பழுது பார்ப்பவளுக்கு மூடி திறந்திருக்கும்போதே அது ஓட வேண்டும். அதற்காகத் துண்டைச் செருகி சுவிட்சை ஏமாற்றுவாள். எடுக்க மறக்காமலிருக்க அதில் ஒரு சிவப்பு நூல் கட்டி வெளியே தொங்கவிடுவாள். நேற்று ஒரு பஸ் டிரைவரின் பிளேயரில் அந்த நூல் சுழலும் பாகத்தில் சிக்கப் பார்த்தது. சுருட்டி உள்ளே தள்ளினாள். உடனே படம் வந்தது, இரண்டு மாதமாக வராத படம். அந்தச் சந்தோஷத்தில் மூடியை மூடினாள்.

காலையில் பஸ் டிரைவர் வந்து எடுத்துப் போனார். கூடவே மகள். ஐந்து வயது. "நானேதான் டிஸ்க் போடுவேன்" என்று சொல்லிக்கொண்டே படி இறங்கினாள்.

டிரைவரின் போன் அணைந்திருந்தது. பஸ் ஓட்டும்போது அணைத்துவிடுவார். வேறு எண் இல்லை. முகவரி ரசீதில் இருந்தது.

கடையின் முன்பாதியில் கணவர் சாவி வெட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, வண்டியை எடுங்க."

"எங்க தீப்பிடிச்சுது?"

"டிரைவர் வீட்டு மெஷின்ல துண்டை விட்டுட்டேன்."

"ஆபரேஷன் பண்ணிட்டு கத்திரிக்கோலை வயித்துக்குள்ளயே வெச்சுத் தச்ச கதையா? நல்ல டாக்டரும்மா நீ."

"மூடியைத் திறந்தாலும் நிக்காது, லேசர் நேரா மேல வரும். அந்தக் குழந்தை குனிஞ்சு பாக்கும்."

அவர் இயந்திரத்தை நிறுத்தினார். கடையைப் பூட்டாமலே வண்டியைக் கிளப்பினார்.

பெரிய வெளிச்சம் ஒன்றுமில்லை, என்று வண்டியின் பின்னால் உட்கார்ந்து தனக்கே சொல்லிக்கொண்டாள். தற்செயலாகப் பட்டால் இமை தானாக மூடிவிடும். உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் ஆபத்து. பெரியவர்கள் யாரும் அப்படிப் பார்க்க மாட்டார்கள். சிவப்பு விளக்கில் வண்டி நின்றது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய பிறகும் சிவப்பு தெரிந்தது. டிரைவர் போய் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

டிரைவரின் மனைவி ஈரக் கையோடு கதவைத் திறந்தாள்.

"வாங்கக்கா! சூப்பரா ஓடுது. என்ன இப்படி மூச்சு வாங்குது உங்களுக்கு?"

"மெஷின் எங்க?"

"உள்ளதான். உங்க சிஷ்யை என்னைக் கிட்டயே விடமாட்டேங்கறா."

அறையில் டிவி வெறுமையாக இருந்தது. டிஸ்க் தரையில் கிடந்தது. குழந்தை மண்டியிட்டு, இரு கைகளையும் பிளேயரின் விளிம்பில் ஊன்றி, திறந்த மூடிக்கு அடியில் தலையைக் கொடுத்திருந்தது. கன்னத்தில் கடுகளவு சிவப்புப் புள்ளி. தலை அசைய, புள்ளி மூக்கோரம் ஏறிக் கண் பக்கம் போனது. பிறகு எங்கும் இல்லை.

அவள் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

"ஏன் ஆன்ட்டி நிறுத்துனீங்க?"

"எவ்வளவு நேரமாடா தங்கம் அதைப் பாத்துட்டிருந்த?"

"ரொம்ப நேரம். எனக்கும் அந்த லைட்டுக்கும் போட்டி, யாரு முதல்ல கண்ணை மூடுறதுன்னு. நான்தான் ஜெயிச்சேன்."

"என்னக்கா ஆச்சு?" என்றாள் தாய். "அக்கா?"

அவள் பிளக்கைக் கீழே போட்டாள். குழந்தையின் முன்னால் உட்கார்ந்து, அதன் இடது கண்ணை உள்ளங்கையால் பொத்தி, மறுகையில் விரல்களை நீட்டினாள்.

"எத்தனை?"

"மூணு."

வலது கண்ணைப் பொத்தினாள். இரண்டு விரல்.

"இப்ப?"

குழந்தை கண்ணைச் சுருக்கியது. விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தது.

"சொல்லுடா. எத்தனை?"

"ஆட்டாம காட்டுங்க ஆன்ட்டி."

அவள் தன் கையைப் பார்த்தாள். முழங்கையை முட்டியில் ஊன்றினாள். அப்போதும் விரல்கள் நிற்கவில்லை. குழந்தை பொறுமையாக முகத்தை விரல்களுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தது. பிறகு இன்னும் கொஞ்சம் பக்கத்தில்.