கழுவிய படம்

ஆறு வருசத்துக்கு முந்தி எடுத்த எக்ஸ்ரே படத்தைக் கொண்டுவரச் சொன்னார் டொக்டர். புதுப் படத்தில், என் புருசனின் வலது நுரையீரலில் ஒரு புள்ளி. பழைய படத்திலும் இருந்தால் அது ஆறிப்போன தழும்பு, விட்டுவிடலாம். இல்லாவிட்டால் நெஞ்சைத் திறந்து வெட்டிப் பார்க்க வேண்டும்.

"வீட்டில இருக்கு டொக்டர். அலுமாரிக்கு மேல," என்றார் பஸ்தியான்.

ஆனால் படம் அவருடைய மீன்பிடிப் போட்டின் அடித்தட்டில் ஒட்டிக் கிடந்தது.

போன கச்சான் காற்றுக் காலத்தில், கடலில் வலைமேல் கண்ணயர்ந்தவர், கால் நனைந்த பிறகுதான் போட்டுக்குள் தண்ணீர் ஏறியதை அறிந்தார். அதற்காகவே அந்தக் கருவியைச் செய்தேன். பிளாஸ்டிக் தாளில் மின்சாரம் ஓடும் வெள்ளி மையால், ஒன்றையொன்று தொடாத இரண்டு கோடுகள். தண்ணீர் பட்டால் கோட்டுக்குக் கோடு மின்சாரம் தாவும், மணி கத்தும். போனில் பார்த்துப் படித்த வேலை. சாதாரணப் பிளாஸ்டிக் தாளில் போட்ட கோடு, வளைத்ததும் வெடித்தது. எக்ஸ்ரே படம் மடியாமல் வளைந்தது. ஆனால் அதன்மேல் இருக்கும் படப்பூச்சு தண்ணீரில் ஊதி, கோட்டையும் சேர்த்துத் தூக்கிவிடும். அதனால் துணி வெளுக்கும் திரவத்தில் ஊறவைத்துத் தேய்த்தேன். விலா எலும்புகளும் கரிய பூச்சோடு கரைந்து ஓடின. நீலம் படிந்த வெறும் தாள் மிஞ்சியது.

வீட்டுக்கு வந்ததும் கதிரையில் ஏறித் தேடத் தொடங்கினார்.

"தேடாதீங்க," என்றேன். படத்தை நான் செய்ததைச் சொன்னேன்.

இறங்கி அதே கதிரையில் இருந்தார்.

"என்ட நெஞ்சையா, இசபெல், கழுவினாய்?" சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அடங்க நேரமெடுத்தது. "கழுவேக்க பார்த்திருப்பாய்தானே. புள்ளி இருந்ததா?"

"தெரியாது."

"இருந்தது எண்டு சொல்லு. இந்த வீட்டு இன்ஜினியர் நீதானே, டொக்டர் நம்புவார்."

"பொய்யில்லையா?"

"என்ட அண்ணனையும் வெட்டித்தான் பார்த்தாங்க. நடந்து போனவர். எப்படித் திரும்பி வந்தார், பெட்டியிலதானே?"



அடுத்த கிளினிக் நாளில், நடந்ததை டொக்டரிடம் சொன்னேன். அவர் ஏசவில்லை. புதுப் படத்தை வெளிச்சத்தில் மாட்டி, பேனாவால் தொட்டுக் காட்டினார்.

"அழிக்க முந்தி இந்த இடத்தில ஏதாவது பார்த்தீங்களா?"

பஸ்தியானின் கால் என் காலைத் தொட்டது. அந்தப் பழைய படத்தை மனதுக்குள் கொண்டுவரப் பார்த்தேன். எந்த ஓரம் நேராக இருந்தது, எத்தனை கோடு கொள்ளும், எங்கே வெட்டலாம் என்பதெல்லாம் வந்தது. அவர் நெஞ்சு வரவில்லை. ஒரே ஒரு சொல், சொல்லிவிடலாம். அந்தப் புள்ளி உள்ளே வளர்ந்தால்?

"நான் அதைப் பார்க்கல்ல டொக்டர்."

டொக்டர் ஒப்பரேசனுக்கு ஒரு திகதியை எழுதினார். மூன்று கிழமை கழித்து.

திரும்பும் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. பஸ்தியான் கம்பியைப் பிடித்தபடி நாங்கள் இறங்கும் பாலாவிச் சந்தி வரைக்கும் நின்றுகொண்டே வந்தார். இருமல் வந்தபோதெல்லாம் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.