சுழலாத ரொட்டி

எங்கள் குலத்தின் காவலர் தேவதூதர் மிக்கேல். அவர் திருநாளன்று வீட்டுத் தலைவன் உட்காரக் கூடாது. நின்றுகொண்டே உபசரிக்க வேண்டும். இந்த மான்டினிக்ரோ மலையில் அதற்கு யாரையும் அழைப்பதில்லை. மதிப்புள்ள வீட்டுக்குத் தாமாகவே வருவார்கள்.

சென்ற ஆண்டு அந்தப் பொறுப்பை என் ஒரே மகன் ஓப்ரெனிடம் ஒப்படைக்க முடிவு செய்தேன். எங்கள் வீடு விழவில்லை என்பதை ஊர் பார்க்க வேண்டும். அவன் காதில் கேட்ட குரல்கள் மாத்திரையில் அடங்கிவிட்டன. ஆனால் நாள் முழுதும் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பான். சொன்னால்தான் குளிப்பான். தாய் இறந்தபோதும் அவன் முகம் அசையவில்லை. ஊர் அதைத் திமிர் என்றது. நான் சோம்பல் என்றேன்.

"குரல் போயிடுச்சு, நோய் போகல," என்றாள் நகரத்து டாக்டர். "இந்த மௌனமும் அதே நோய்தான். முகத்துல தெரியலன்னா உள்ள ஒண்ணுமில்லன்னு நினைக்காதீங்க. அவரால எதையும் ஆரம்பிக்க முடியல. கூட நின்னு செய்ய வைங்க."

எங்கள் வீட்டு ஆணுக்குத் துணை நிற்பதா? நான் கேட்கவில்லை.

திருநாளன்று அறை நிறைந்திருந்தது. திருநாளுக்கென்று சுட்ட வட்ட ரொட்டியின் ஒரு பக்கம் பாதிரியார் பிடித்தார், மறுபக்கம் ஓப்ரென். இருவரும் சேர்ந்து அதைச் சுழற்ற வேண்டும். அவன் பிடித்தான், சுழற்றவில்லை. பாதிரியார் பாட்டை முடித்துவிட்டுக் காத்திருந்தார்.

"என்னடா, ரொட்டிக்குள்ள கல்லு வெச்சுச் சுட்டாங்களா?" என்றான் என் சித்தப்பா மகன் வுக்காஷின்.

"விடுப்பா, காலையிலேயே ஊத்திக்கிட்டான்," என்றேன்.

அறை சிரித்தது. குடித்தவனால் எங்கள் வீடுகளுக்கு அவமானமில்லை, பைத்தியத்தால் உண்டு.

"அப்படிச் சொல்லுண்ணே! நம்ம ரத்தமாச்சே!" வுக்காஷின் திராட்சைச் சாராயத்தை நீட்டினான். ஓப்ரென் குடித்தான். இன்னொருவர் நீட்டினார், அதையும் குடித்தான். வேண்டாம் என்று சொல்லவும் ஒரு மனம் எழ வேண்டுமே. அந்த மாத்திரையோடு சாராயம் ஆகாது என்று டாக்டர் எச்சரித்திருந்தாள். அவன் கண்கள் செருகின.

அடுத்த கோப்பையை நான் பிடுங்கினேன்.

"போதும். காலையில இவன் குடிக்கல, நான் சொன்னது பொய். இவனுக்கு மனநோய்."

வுக்காஷின் கல்யாண வயதில் இருந்த தன் மகளைக் கைபிடித்து எழுப்பினான். கோட்டுகளை மாட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"சுத்தணும்னுதான்ப்பா நினைச்சேன்," என்றான் ஓப்ரென், முகம் அசையாமல். "கை வரல."

இந்த ஆண்டு பாதிரியாரைத் தவிர ஒருவரும் வரவில்லை. மகனின் கைமேல் என் கையை வைத்தேன். ரொட்டி சுழன்றது. அவன் ஜன்னலோரம் போய்விட்டான். நான் இருட்டும்வரை வாசலைப் பார்த்து நின்றேன். உட்காரவில்லை.