காப்பகத்தில் சொன்னது

விடியுமுன்பே தையல் கம்பெனியின் இஸ்திரிப் பகுதியில் ஆவி சீறத் தொடங்கிவிடும். காலால் மிதியை அழுத்தி, கனத்த பெட்டியை இழுத்து, சட்டை சட்டையாகத் தேய்த்துத் தள்ளுவாள் இஸ்திரிக்காரி. அவள் மகள் கீழே கம்பெனியின் குழந்தைகள் காப்பகத்தில் ஆயாவின் பொறுப்பில் தூங்குவாள்.

அன்று சூப்பர்வைசர் வந்தார். "அடுத்த வாரத்திலேர்ந்து நீ தினக்கூலி. வேலை இருந்தா கூப்பிடுவோம்."

"நான் என்ன சார் தப்பு பண்ணேன்?"

"தப்பில்ல. பொண்ணுக்கு வலிப்பாமே. அடிக்கடி லீவு கேப்பே."

அவள் கை நின்றுவிட்டது. மகளுக்கு வலிப்பு வருவதை ஆயாவிடம் மட்டுந்தான் சொல்லியிருந்தாள்.

சாப்பாட்டு நேரத்துக்குள் ஆயாதான் சொல்லிவிட்டாள் என்று தையல் பகுதி முழுக்கச் செய்தி பரவியது. ஆயாவைக் கண்டாலே பெண்கள் வாயை மூடிக்கொண்டார்கள். மறுநாள் ஒரு தையல்காரி, மகனுக்கு மூச்சிரைப்பு என்பதை மறைத்து, "வெறும் சளிதான்" என்று சொல்லிக் காப்பகத்தில் விட்டுப்போனாள். பையன் உதடு நீலம் பாரித்தபோது ஆயாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கம்பெனி நர்ஸ் ஓடிவந்துதான் மூச்சைத் திருப்பினாள்.

ஆயா நேரே இஸ்திரிப் பகுதிக்கு ஏறி வந்தாள்.

"என்னைச் சந்தேகப்படறே தங்கச்சி. நியாயந்தான். நர்ஸம்மாகிட்ட நான்தான் சொன்னேன். வலிப்பு வந்தா அவங்கதானே பார்க்கணும்? ஆனா உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

பின்னால் நின்ற நர்ஸ் தலைகுனிந்தாள். "மேனேஜர் கேட்டாரு. புள்ளைங்க நல்லதுக்குன்னாரு. நம்பிச் சொல்லிட்டேன்."

இஸ்திரிக்காரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மனசு ஒப்பவில்லை.

"இதை அவர் முன்னாடி சொல்வீங்களா?"

மேனேஜர் அறைக்குப் போய்ச் சொன்னார்கள். மேனேஜர் நாற்காலியை விட்டு எழவில்லை.

"கம்பெனிக் காப்பகம். அங்க நடக்கறது எனக்குத் தெரியக்கூடாதா?"

"மருந்து குடுக்கறவங்களுக்குத் தெரியணும். கூலியைக் குறைக்கறவங்களுக்கு எதுக்கு சார்?" என்றாள் இஸ்திரிக்காரி.

"இனிமே பெத்தவளைக் கேக்காம ஒரு சேதியும் இங்க வராது" என்றாள் ஆயா.

"அப்ப உனக்கும் வேலை வேணாமா?"

வாசலில் நிழலாடியது. தையல்காரிகள் பேச்சுச் சத்தம் கேட்டு மிஷினை நிறுத்திவிட்டு வந்திருந்தார்கள். முன்னால் நின்றவள் பையனின் அம்மா.

"அவங்களுக்கு இல்லாத வேலை எங்களுக்கும் வேணாம் சார்."

"முதலாளிகிட்ட பேசறேன். போங்க" என்றார் மேனேஜர்.

அதை யாரும் நம்பவில்லை. போகவும் இல்லை. அறை வாசலிலேயே உட்கார்ந்தார்கள். பையனின் அம்மா நகர்ந்து ஆயாவை ஒட்டி அமர்ந்தாள். மகனுக்கு இரைப்பு எப்போது கூடும், இன்ஹேலரை எப்படிக் கொடுக்க வேண்டும் என்று மெல்லச் சொன்னாள்.

"நர்ஸம்மாகிட்ட சொல்லட்டுமா?" என்று கேட்டாள் ஆயா.

பையனின் அம்மா, ஓரமாக உட்கார்ந்திருந்த நர்ஸை உற்றுப் பார்த்தாள்.

"கூப்பிடு. நானே சொல்றேன்."