சிரிப்புக்கு ஏது ரத்தப் பரிசோதனை

1

இந்தக் கதையில் திருடியது ஒரே ஒரு வாக்கியம்தான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

ஒரு மருத்துவமனையில் காது வலிக்காகக் காத்திருந்தேன். பக்கத்து அறைக் கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. உள்ளே ஒரு பெண் கேட்டாள்: "டாக்டர், அவர் சொன்னது உண்மையா இருந்தா, அதுவும் நோயில சேருமா?"

யாரோ கதவைச் சாத்திவிட்டார்கள். பதில் எனக்குக் கிடைக்கவில்லை. காது வலி போய்விட்டது, கேள்வி போகவில்லை.

2

முதல் தொடக்கம்: 'மனித மூளை என்பது ஒரு மர்மமான...' (வேண்டாம். பலர் மென்று துப்பியது.)

இரண்டாவது: 'அவர் ஒரு பேராசிரியர். திடீரென்று ஒருநாள்...' (பேராசிரியர் கோணலாக நடந்தால் மேதை என்று விட்டுவிடுவார்கள். கதை நகராது.)

மூன்றாவது: அவர் பூட்டுக்காரர்.

இது நிற்கிறது. சின்னக் கடை. சுவர் நிறைய ஆணிகளில் வெட்டாத சாவிகள். பின்னால் சாவி வெட்டும் இயந்திரம், அதைச் சுற்றிப் பித்தளைத் தூள். முன்னால் மேசையில் அவர் மனைவி. சாவியைத் தொலைத்துவிட்டு அலறியடித்து வருகிறவர்களை உட்காரவைத்து, எந்தக் கதவு, என்ன பூட்டு என்று விசாரிப்பது அவள் வேலை. அதற்குள் உள்ளேயிருந்து அவர் குரல் கொடுப்பார்: "சாவி போனா போகுது விடுங்க, பூட்டு பத்திரமா இருக்குல்ல!"

உடனே அவள் சிரிப்பாள். அவள் சிரித்ததும் வந்தவரும் சிரிப்பார். கல்யாணமான நாளிலிருந்து வருகிற ஒவ்வொருவருக்கும் அதே ஜோக், அதே சிரிப்பு.

அவளுக்கு அந்த ஜோக் பிடிக்காது. ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது.

3

அவர் வீட்டு வாசல் பூட்டை மாற்றினார். மறுவாரம் திரும்பவும் மாற்றினார். அப்புறம் தினமும்.

மற்றவர் வீட்டில் இதைக் கண்டால் பதறிப்போவார்கள். இவள், புதுச்சரக்கை வீட்டில் மாட்டிச் சோதிக்கிறார் என்று நினைத்தாள். பக்கத்துக் கடைக்காரரிடம் பெருமையாகக்கூடச் சொன்னாள். அவருடைய இடது கை அவ்வப்போது வெட்டி இழுத்தது, அதே நொடி வாயும் அந்தப் பக்கம் கோணியது. "மெஷின்ல நின்னு நின்னு கைக்குப் பழகிப்போச்சு" என்று அதற்கும் அவளே காரணம் கண்டுபிடித்தாள். தொழில் எல்லாவற்றுக்கும் போர்வை போர்த்திவிட்டது.

(இந்தப் பெண் இவ்வளவு மக்காக இருப்பாளா என்று எனக்கே சந்தேகம். பிறகு என் வீட்டில் எதையெல்லாம் நான் 'அவங்க சுபாவம்' என்று விட்டிருக்கிறேன் என யோசித்தேன். சந்தேகத்தை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.)

ஒருநாள் மதியம் அவள் காய்கறியோடு வந்தால் வாசல் பூட்டில் சாவி சேரவில்லை. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அவர்.

"என்னங்க, கதவத் திறங்க."

"நீ யாரு?"

"விளையாடாதீங்க. கை வலிக்குது."

"மூஞ்சி, குரல் எல்லாம் கச்சிதமா பண்ணிருக்க. சிரிப்புலதான் மாட்டிக்கிட்ட. என் பொண்டாட்டி என் ஜோக்குக்கு நெஜமா சிரிப்பா. நீ நடிக்கிற."

அவள் கையிலிருந்த பை நழுவியது. ஆள் மாறாட்டம் என்றதற்காக இல்லை. இத்தனை வருஷத்தில் ஒருவர்கூடக் கண்டுபிடிக்காததை அவர் கண்டுபிடித்துவிட்டாரே என்று.

4

மனநல மருத்துவரிடம் அவள் தம்பிதான் கூட்டிப்போனான். வழியெல்லாம் அக்காவிடம் முணுமுணுப்பு: "பேசாம நம்ம வீட்டுக்கு வந்துடுக்கா. இந்த மனுஷன் சரியாக மாட்டாரு."

மருத்துவர், பூட்டுக்காரர் சொன்னதைக் கேட்டதைவிட அவர் கையை அதிகம் பார்த்தார். "இந்த இழுப்பு எப்போலேர்ந்து?"

"அது மெஷின் பழக்கம் டாக்டர்."

"மெஷின் பழகினா வாயும் சேர்ந்தா இழுக்கும்?"

ரத்தம் எடுத்தார்கள். முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்தார்கள். நோய் எதிர்ப்பு சக்தி அவருடைய மூளையையே எதிரி என்று நினைத்துத் தாக்கிக்கொண்டிருந்தது.

"மனசு சரியில்லாத எல்லாருக்கும் இப்படி இருக்காது. ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான்" என்றார் மருத்துவர். "காவல்காரன் வீட்டுக்காரனையே திருடன்னு நினைச்சு அடிக்கிற மாதிரி."

"அப்ப அந்தக் காவல்காரன வேலைய விட்டுத் தூக்குங்க."

"தூக்க முடியாதும்மா. நாளைக்கு நெஜத் திருடன் வருவான்ல? கொஞ்சம் அடக்கி வைக்கலாம்."

ஸ்டீராய்டு ஏற்றினார்கள். கை இழுப்பு முதலில் நின்றது. சந்தேகம் மெல்ல மெல்லக் கரைந்தது. அந்த நாட்களில் சொன்னது, செய்தது எதுவும் அவர் நினைவில் இல்லை.

(காவல்காரன் உவமையை வெட்டிவிடத்தான் பார்த்தேன். பூட்டுக்காரர் கதையில் காவல்காரனும் வந்தால் ரொம்பப் பொருந்துகிறது, அதனாலேயே நம்பிக்கை வரவில்லை. ஆனால் இவள் திருப்பிக் கொடுத்த பதில் பிடித்துப்போனதால் விட்டுவைத்தேன்.)

5

வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் சொன்னார்: "இது சில பேருக்குத் திரும்ப வரும். 'நீ என் பொண்டாட்டி இல்ல, நடிக்கிற'ன்னு மறுபடி ஆரம்பிச்சா, உடனே கூட்டிட்டு வந்துடுங்க."

அப்போதுதான் அவள், என் காதில் விழுந்த அந்தக் கேள்வியைக் கேட்டாள்: அவர் சொன்னது உண்மையா இருந்தா? கதவைச் சாத்திவிட்டதால் பதிலையும் நானே எழுத வேண்டியிருக்கிறது.

"என்ன உண்மை?" என்றார் மருத்துவர்.

"அந்தச் சிரிப்பு... நான் நடிக்கிறதுதான் டாக்டர்."

மருத்துவர் பேனாவை மூடினார். "அதுக்கு என்கிட்ட டெஸ்ட் இல்லம்மா. திரும்பச் சொன்னா கூட்டிட்டு வாங்க. ரத்தம் எடுத்துப் பாத்துடலாம்."

ஆக, இனி அந்த மனிதர் தன் மனைவியைப் பற்றி உண்மையைச் சொன்னால் ஊசி குத்துவார்கள்.

6

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

அவள் வழக்கம்போலச் சிரிக்கிறாள், அவருக்குத் தெரியவே இல்லை. (பாதுகாப்பானது. ஆனால் ஆயுசு முழுக்க அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள்.)

அவர் "நடிக்கிற" என்கிறார். அவள் ஆட்டோவைக் கூப்பிட வெளியே ஓடுகிறாள், அவரோ பின்னாலேயே... (நோய் திரும்பியதா, கண் திறந்ததா? எனக்கே தெரியாமல் எப்படி முடிப்பது.)

அவள் தம்பி வீட்டுக்குப் போய்விடுகிறாள். (போகட்டும் என்றுதான் எழுதினேன். பையை எடுத்துக்கொண்டு கடைவரை வந்தாள், மேசைக்கு அடியில் வைத்தாள், உட்கார்ந்துவிட்டாள். அன்பு என்று எழுத எனக்குக் கூசுகிறது. அவள் காரணம் சொல்லவில்லை.)

7

இன்று கடை திறந்தாயிற்று. உள்ளே இயந்திரம் ஓடுகிறது. சாவி ஒழுங்காக வெட்டுப்படுகிறது. முதல் ஆள் அரக்கப் பரக்க வருகிறார். அது நீங்கள்தான். தொலைந்ததும் உங்கள் வீட்டுச் சாவிதான்.

அவள் உங்களை உட்காரச் சொல்கிறாள். எந்தக் கதவு என்று கேட்கிறாள். இயந்திரம் நிற்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல்முறையாக உள்ளேயிருந்து அந்தக் குரல்:

"சாவி போனா போகுது விடுங்க, பூட்டு பத்திரமா இருக்குல்ல!"

அவர் எட்டிப் பார்க்கிறார், அவள் முகத்தை. அவள் உதடு இன்னும் எந்தப் பக்கமும் அசையவில்லை.

எனக்கு இதற்குமேல் எழுத வரவில்லை. நீங்கள் முதலில் சிரித்துத் தொலையுங்கள். அவளுக்குக் கொஞ்சம் நேரமாவது கிடைக்கட்டும்.